மூடி போட்டிருந்தது

உங்கள் மூக்குக்கண்ணாடி இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது. காதுக்குப் பின்னால் போகும் கம்பியை லேசாகச் சூடாக்கி வளைத்தால் சரியாகிவிடும். கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் என்பதால், கோணலாக நிற்கும் பிரேமைப் பார்த்துக்கொண்டே பேசுவது எனக்குச் சிரமம். இருந்தாலும் பேசுகிறேன், நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

மேசையில் நான் வைத்திருக்கும் படத்தைப் பாருங்கள். பட்டப்பகல், ஒரு மொட்டைமாடி, முக்காலியின் மேல் ஒரு தொலைநோக்கி, அதில் கண்ணை வைத்துக் குனிந்திருக்கும் ஒருவர். அவர் என் தங்கையின் கணவர். மாடி எங்கள் வானியல் குழுவை நடத்தும் பல் டாக்டருடையது. படத்தின் கீழே உள்ள வாசகமும் அவருடையதுதான்: ‘ஒரு நொடிக் கவனக்குறைவு, ஒரு வாழ்நாள் இருட்டு.’ இதை ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்திருக்கிறார்கள். கும்பிடும் கைகளும் அழும் முகங்களுமாக வந்து குவிந்திருக்கின்றன. அந்த வாசகம் தவறு. அதைத் திருத்தத்தான் நானாகவே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி உறுத்தியதால் வந்தான் என்று எழுதிவிடாதீர்கள், பிறகு அதையும் திருத்த வேண்டியிருக்கும்.

எங்கள் குழு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் டாக்டரின் கிளினிக்கில் கூடும். நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு, சுவரில் தொங்கும் சொத்தைப் பல் படத்துக்குக் கீழே பிரபஞ்சத்தைப் பற்றிப் பேசுவோம். நான் சேர்வதற்கு முன்னால் அங்கே நடந்துகொண்டிருந்ததற்குப் பெயர் ரசனை. யாராவது செல்போனில் வந்த விண்வெளிப் படம் ஒன்றைக் காட்டுவார்கள், மற்றவர்கள் வாயைப் பிளப்பார்கள். கடவுளின் தூரிகை என்பார் பல் டாக்டர். பக்கத்துப் பள்ளியில் புவியியல் நடத்தும் டீச்சர் கண் கலங்குவார். பிறகு பிஸ்கட் வரும்.

நான்தான் அங்கே கேள்வி கேட்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தேன். பிறை நிலாவின் வளைவுக்குள் ஒரு நட்சத்திரம் மின்னும் படத்தை அவர்கள் வருடக்கணக்காக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிறையின் இருண்ட பகுதியும் நிலாதான், கல்லும் மண்ணும் உள்ள உருண்டை, அதை ஊடுருவி நட்சத்திரம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அறையில் ஒருவருக்கும் அது அதுவரை தோன்றவில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தைவிடப் பெரிய நிலாவை ஒட்டவைத்த படம், சாயம் முக்கி எடுத்த வாயு மேகம் என்று ஒவ்வொன்றாக உரித்துக் காட்டினேன். பல் டாக்டர் சொல்வார்: “அழகா இருக்குல்ல, அப்புறம் என்ன சார்?” இந்த மூளையை வைத்துக்கொண்டு எந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. டீச்சர் இன்னொரு ரகம். நான் சொன்னதையே அடுத்த வாரம் கொஞ்சம் சத்தமாகத் தன் கருத்தாகச் சொல்வார்.

எங்கள் சொந்தப் படங்களும் கிளினிக் சுவரில் மாட்டப்பட்டிருந்தன. நடுவில் இருந்தது என்னுடையது, ஒரு வாயு மேகம். ஒரு குளிர்காலம் முழுக்க எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் செய்தது. பல்வலிக்காரர்கள்கூட வலியை மறந்து அதைப் பார்ப்பார்கள் என்று பல் டாக்டர் சொல்வதுண்டு. அவர் சொன்ன உருப்படியான விஷயம் அது ஒன்றுதான்.

மாப்பிள்ளையைக் குழுவுக்குக் கூட்டிப்போனதும் நான்தான். அவர் லிப்ட் மெக்கானிக். விடுமுறை நாளில் வீட்டில் சும்மா படுத்துக் கிடக்கிறார், உங்களோடு அழைத்துப் போங்கள் அண்ணா என்று தங்கை நச்சரித்தாள். வானியல் பற்றி ஒரு பக்கம்கூடப் படித்தவர் இல்லை. எதற்கெடுத்தாலும் சிரிப்பார், தன்னைப் பார்த்தே சிரிப்பார். எங்கோ பழைய சாமான் கடையில் ஒரு தொலைநோக்கியை வாங்கி, கழற்றிச் சுத்தம் செய்து, யாரிடமோ கடன் வாங்கிய சூரிய வடிகட்டியை மாட்டி ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தார். சூரியனின் வட்டத்துக்கு நட்டநடுவே ஒரு விமானம், இறக்கையின் நுனிவரை கத்தரித்த மாதிரி.

ஒட்டு வேலை என்று சொன்னேன். அப்படிச் சொல்வதுதான் நியாயம். சந்தேகம் வந்தால் அசல் படங்களைக் காட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் காட்டினார்: விமானம் நுழைவது, நடுவில் நிற்பது, வெளியேறுவது. அசல்தான். “கேமராதான் எடுத்துச்சு மச்சான், நான் சும்மா அமுக்கினேன்” என்றார். பல் டாக்டர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

அன்றைக்கே, கூட்டம் கலையும் நேரத்தில், மாப்பிள்ளை என் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி என்னைக் கேட்டார்:

“மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மூணு நட்சத்திரம் இங்கேயும் இருக்கு, அந்த மூலையிலயும் அப்படியே இருக்கு. வானத்துல அப்படி இருக்குமா?”

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். என் தொலைநோக்கியின் கண்ணாடியில் ஒட்டிய தூசி, படத்தில் ஒரு கறையாக விழுந்திருந்தது. பக்கத்துத் துண்டு ஒன்றைப் பிரதி எடுத்து அதன்மேல் வைத்திருந்தேன், அவ்வளவுதான். எல்லோரும் செய்வது. ஆனால் டீச்சர் நாற்காலிமேல் ஏறி நின்று, விரலை வைத்து ஒவ்வொரு நட்சத்திரமாகச் சரிபார்த்தார். பல் டாக்டர் என் தோளைத் தட்டினார். “விடுங்க சார், எல்லாரும் மனுஷங்கதானே” என்றார். அதாவது, என்னை மன்னித்தார். கடவுளின் தூரிகை என்று உளறுகிற மனிதர் என்னை மன்னித்தார். அடுத்த வாரம் என் படம் கழிப்பறைக் கதவின் பக்கம் போயிருந்தது. நடுவில் விமானம் பறந்துகொண்டிருந்தது.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு புதன் கிரகம் சூரியனைக் கடக்கும் நாள் வந்தது. சூரியன்மேல் ஒரு சிறு கரும்புள்ளி நகர்ந்து போகும், அவ்வளவுதான், ஆனால் அடிக்கடி நடப்பதில்லை. மாப்பிள்ளை படம் எடுக்கத் திட்டமிட்டிருந்தார். வேண்டாம் என்றேன். படம் என்றால் நாளைக்கே யாராவது சந்தேகப்படுவார்கள், கண்ணால் பார்த்துக் காகிதத்தில் வரையுங்கள், பழைய ஆட்கள் அப்படித்தான் செய்தார்கள், அதை யாரும் ஒட்டு வேலை என்று சொல்ல முடியாது என்று எடுத்துச் சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. கடன் வாங்கிய வடிகட்டியைத் திருப்பிக் கொடுத்திருந்ததால், புதிதாக ஒன்று செய்து தரும்படி என்னையே கேட்டார்.

அதற்கென்று உள்ள தாள் என் கடையில் இருந்தது. நான் வேறொன்றை வைத்துச் செய்தேன். என்ன என்பதை உங்கள் நிபுணரிடம் சொல்கிறேன், உங்களுக்குப் புரிய நேரமாகும். பார்வைக்கு இரண்டும் ஒரே இருட்டு. வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களைத் தடுக்காது. சூரியன் இதமான ஆரஞ்சு வட்டமாகத் தெரியும், கண் கூசாது. கண்ணின் உள்திரைக்கு வலி தெரியாது என்பதைக் கண்ணாடிக் கடைக்காரன் அறிவான், லிப்ட் மெக்கானிக் அறியமாட்டார்.

அவர் அதை வாங்கி வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தார். “உங்க கை பட்டா தனிதான் மச்சான்” என்றார். எதிலிருந்து செய்தது, சோதித்துப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். யாராவது அந்த வடிகட்டியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டால்கூட, அந்தக் கணமே அதைக் கழற்றிவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்திருந்தேன். கடைசிவரை அந்தத் தீர்மானத்தில் உறுதியாக இருந்தேன். ஊரார் படத்தையெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறவர்கள், தங்கள் கண்ணுக்கு முன்னால் வைப்பதைப் பற்றிக் கேட்பார்களா என்பதுதான் சோதனை. இதைவிட நேர்மையான சோதனை இருக்க முடியாது.

அன்று மாடியில் நல்ல வெயில். பல் டாக்டர் தன் சின்னத் தொலைநோக்கியால் ஓர் அட்டையில் சூரியனை விழவைத்து, தெருவிலிருந்து வந்த நாலு பேருக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். டீச்சர் மாப்பிள்ளையின் தொலைநோக்கியில் ஒரு நொடி எட்டிப்பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டு செல்போனில் படம் எடுக்கப் போனார். மாப்பிள்ளை மட்டும் நகரவில்லை. புள்ளி எங்கே இருக்கிறதென்று பார்ப்பதும் காகிதத்தில் குறிப்பதுமாக இருந்தார். வலக்கண் களைத்தபோது இடக்கண்ணுக்கு மாறினார். அவர் கழுத்து வெயிலில் காயாமல் நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் போன் செய்தார். பார்வைக்கு நடுவில் ஒரு புள்ளி நிற்கிறது, போகமாட்டேன் என்கிறது என்றார். தூங்கி எழுந்தால் சரியாகும் என்றேன். விடிந்தபோது புள்ளி பெரிதாகியிருந்தது. கண் மருத்துவர் இரண்டு கண்ணிலும் வெயில் சுட்டுவிட்டதென்றும் பார்வை இனிமேல் திரும்பாதென்றும் சொன்னார். எந்தக் கம்பியைத் தொடுகிறோம் என்று பார்க்க முடியாதவருக்கு லிப்ட் கம்பெனியில் என்ன வேலை இருக்கிறது. இப்போது வீட்டில் இருக்கிறார். குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொள்கிறார்.

அதன்பிறகு குழு விசாரணை நடத்தியது. நானும் போயிருந்தேன். பல் டாக்டர் என் வடிகட்டியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார், நல்ல இருட்டாக இருக்கிறது, இதில் கோளாறு இல்லை என்றார். கை மாற்றிக் கை மாற்றி எல்லோரும் டியூப்லைட்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அப்படியானால் தொலைநோக்கியின் முதுகில் குறி பார்ப்பதற்காக இருக்கிற குட்டிக் குழாய்தான் காரணம், அதற்கு மூடி போட மறந்து அதன் வழியாகச் சூரியனைப் பார்த்திருக்க வேண்டும் என்று டீச்சர் கண்டுபிடித்தார். மாப்பிள்ளை அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மறுக்கவில்லை.

“நான்தான் மறந்திருப்பேன். உங்க எல்லாருக்கும் கெட்ட பேரு வாங்கிக் கொடுத்துட்டேன்” என்றார். பிறகு என் குரல் வந்த பக்கம் திரும்பி, “மச்சான், உங்க பில்டரையும் சந்தேகப்பட வேண்டியதாப் போச்சு. மன்னிச்சிருங்க” என்றார்.

மன்னித்தேன்.

இப்போது இந்தப் படத்துக்கு வாருங்கள். டீச்சர் எடுத்ததுதான். கீழே கவனக்குறைவு என்று எழுதி உலகம் முழுக்க அனுப்பியிருக்கும் படம். குட்டிக் குழாயின் நுனியைப் பாருங்கள். கறுப்பு மூடி, அதில் சிவப்புக் கயிறு. மூடி போட்டிருக்கிறது. அவர் மறக்கவில்லை, அவர் மறக்கிற ஆளே இல்லை. இன்னொருவன் படத்தில் மூன்று நட்சத்திரம் இரண்டு இடத்தில் இருப்பதை நாற்காலிமேல் ஏறி எண்ணியவர்களுக்கு, தங்கள் சொந்தப் படத்தில் ஒரு மூடி தெரியவில்லை. பகிர்ந்த இத்தனை ஆயிரம் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் யோசித்து, பொருத்தமான பொருளைத் தேடி, சுருக்கம் விழாமல் வளையத்தில் ஒட்டிச் செய்த ஒரு காரியத்தைக் கவனக்குறைவு என்கிறார்கள். இந்த முட்டாள்தனத்தோடு என்னால் இதற்குமேல் இருக்க முடியவில்லை.

என் தங்கையைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், அன்று அவளும் மாடிக்கு வந்தாள். பிளாஸ்கில் டீ கொண்டுவந்தாள். மாப்பிள்ளை எழுந்து தன் இடத்தை அவளுக்குக் கொடுத்தார். அவள் குனிந்தவள், ஏதோ நினைத்துக்கொண்டு நிமிர்ந்து, குடையோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

“அண்ணா, இதுல பாக்கலாமா? கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே?”

“தாராளமாப் பாரு” என்றேன்.

மற்றவர்களைப்போல அவள் எட்டிப்பார்த்துவிட்டு ஓடவில்லை. புள்ளியைக் கண்டுபிடிக்கும்வரை பார்த்தாள், கண்டுபிடித்த சந்தோஷத்தில் மேலும் பார்த்தாள். டீ ஆறிப்போயிற்று. போன வாரம் கடைக்கு வந்தாள். எழுத்துப் பலகையில் நடு எழுத்துகளை விட்டுவிட்டு ஓரத்தில் இருப்பதை மட்டும் படித்தாள். அவர் முகத்தைப் பார்த்தால் காது தெரிகிறது, கண் தெரியவில்லை அண்ணா என்றாள். அழுது அழுது அப்படி ஆகியிருக்கிறது என்று சொல்லி, நல்ல பிரேமாகப் பார்த்து ஒரு கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. மாப்பிள்ளையிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.

அவள் கேள்வி கேட்டாளே என்கிறீர்கள். கேட்டாள், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு ஒரு விதி உண்டு, உறுப்பினர்களின் கேள்விகளைத்தான் நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வோம். அவள் உறுப்பினர் இல்லை.