ஈரம் காயாத சுவர்

யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் என் மூக்கைத்தான் நம்புவேன். கண்ணுக்குத் தெரிகிற பூசணம் பாதிதான். மீதி அலமாரிக்குப் பின்னாலும் சுவர்ப் பூச்சுக்குள்ளும் ஒளிந்திருக்கும். கதவைத் திறந்ததும் நனைந்த கோணியின் வாடை வந்தால், எங்கே உளி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். வீடு, கிடங்கு, அலுவலகம் என்று இத்தனை இடங்களில் சுத்தம் செய்திருக்கிறேன். கெட்ட பெயர் எடுத்ததில்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள், ஐயா.

எங்கள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. வேலையை ஒழுங்காகச் செய்தால் அந்த வீட்டில் நம்மை மறந்துபோவார்கள். அங்கியும் முகமூடியுமாக நிற்கிறவனின் முகம் யாருக்கு நினைவிருக்கும்? "பூசணக்காரர் வந்திருக்கார்" என்பார்கள், அவ்வளவுதான். நான் ஒண்டிக்கட்டை. வீட்டுக்குப் போனதும் ரேடியோவைப் போட்டுவிட்டு, செய்தி வாசிக்கிறவரோடு வாதாடிக்கொண்டே சாப்பிடுவேன். அவர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

அந்தக் குடும்பம் இரண்டாவது மாடியில் இருந்தது. கணவர் லாரி ஓட்டுகிறவர். பாதி நாள் வெளியூரில். மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்தாள். ஒரே மகள், சிட்டு என்று கூப்பிடுவார்கள். குளியலறைக் குழாயின் இணைப்பு சுவருக்குள் கசிந்து, அந்தப் பக்கம் சிட்டுவின் கட்டிலை ஒட்டிய சுவர் கருத்துப் போயிருந்தது. இணைப்பை இறுக்கினேன். பூச்சைச் செதுக்கி, மருந்தடித்து, ஈரம் உறிஞ்சும் மெஷினை ஓடவிட்டுச் சுவரைக் காய வைத்தேன்.

முதல் நாளே மதியம் சிட்டுவின் அம்மா எட்டிப்பார்த்து, "அண்ணே, கை கழுவிட்டு வாங்க. சாப்பாடு ஆறுது" என்றாள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அண்ணே என்று கேட்டதும் வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். சிட்டு என் முகமூடியை மாட்டிக்கொண்டு, "மாமா, இதுக்குள்ள யானை மூச்சு விடுது" என்று வீடெல்லாம் ஓடினாள்.

வேலை முடிந்தது. "இனிமே உங்களைக் கூப்பிட வேண்டியிருக்காதே, அண்ணே?" என்று அவள் அம்மா சந்தோஷமாகக் கேட்டாள். "இருக்காதும்மா" என்றேன். சாமான்களை எடுக்கக் குளியலறைக்குள் போனவன், குழாய்க்காகச் சுவரில் விட்டிருந்த சின்ன மூடியைத் திறந்து, இணைப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன். சொட்டக்கூட இல்லை. குழாய் வியர்த்தது, அவ்வளவுதான்.

மழைக்காலம் முடிந்ததும் கூப்பிட்டாள். "அண்ணே, மறுபடியும் வந்துடுச்சு." அந்தத் தடவை நான் கூலி வாங்கவில்லை. என் வேலை நிலைக்கவில்லை என்றால் அது என் பொறுப்பு என்றேன். அவள் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!" என்றார். அதன் பிறகு எப்போது போனாலும் எனக்கென்று ஒரு தட்டு இருந்தது.

சிட்டுவுக்கு முதலில் வெறும் இருமல்தான். பிறகு மூச்சிழுப்பு வந்தது. பூசணத் தூள் நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்காகத்தானே நான் முகமூடி போடுகிறேன். அவள் கட்டிலை எதிர்ச் சுவர்ப் பக்கம் நகர்த்திப் போட்டது நான்தான். தயவுசெய்து இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நானும் கூடவே இருந்தேன். "வீட்டுல ஈரம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். "எங்க அண்ணன் இருக்கார் டாக்டர். அதையெல்லாம் அவர் பார்த்துக்கிறார்" என்றாள் சிட்டுவின் அம்மா. எங்க அண்ணன் என்றாள். அன்று எனக்கு மனசு நிறைந்து சோறு இறங்கவில்லை.

இந்தத் தடவை தளர்த்தாமல் இறுக்கியே விட்டுவிடலாம் என்று ஒரு நாள் ஸ்பானரோடு போனேன். கணவர் வாசலிலேயே, "அண்ணே, இந்தத் தடவையும் சரியா வரலேன்னா வேற வீடு பார்த்துடுறோம்" என்றார். குளியலறையில் உட்கார்ந்து யோசித்தேன். இறுக்கினால் என் வரவு இன்றோடு முடிந்துவிடும். வீடு கிடைக்க எப்படியும் நாளாகும். மூடியை அப்படியே சாத்திவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.

வீடு கிடைப்பதற்கு முன்பே சிட்டு போய்விட்டாள். அவள் அம்மா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள்.

அவர்கள் காலி செய்த பிறகு, வீட்டுச் சொந்தக்காரர் கூட்டிவந்த பிளம்பர் உங்களிடம் சொன்னது உண்மை. அந்த இணைப்பு தானாகத் தளரவில்லை. ஒவ்வொரு முறையும் இறுக்கியதும் நான், தளர்த்தியதும் நான். குழந்தையின் மூச்சு திணறுவது தெரிந்தும் தளர்த்தினேன். வேறு யாரையும் விசாரிக்க வேண்டாம். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கலாமா, ஐயா? அவர்கள் குடிபோன புது வீட்டின் சுவரை யாராவது தட்டிப் பார்த்தார்களா? கணவர் ஊரில் இருக்கமாட்டார். தங்கச்சிக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?