காதில் வெயில் பட்ட முயல்

— கார்டு கொண்டுவந்தியாடி?

— வாசப்படி தாண்டலை, அதுக்குள்ள கார்டா? தங்கச்சி வந்திருக்காளே, ஒரு வாய் தண்ணி குடுப்போம்னு...

— பாட்டில் ஜன்னல்ல இருக்கு, எடுத்துக்க. கேமராவுல இருந்த கார்டுதானே? அந்த முயல் படம் அதுல இருக்கில்ல?

— இருக்கு, இருக்கு. போன மாசம் அதை உனக்கு போன்ல அனுப்பினப்போ, "குப்பை, அழிச்சிடு"ன்னு சொன்னே. இப்ப என்ன திடீர்னு கரிசனம்?

— போன்ல வந்தது சுருங்கின காப்பி. ஒரிஜினல் இருந்தா கொஞ்சம் தேத்திப் பாக்கலாம். கூடப்பொறந்தவளுக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படி?

— அடேயப்பா! நான் குடை கொண்டுவரலையே. இன்னிக்கு மழை நிச்சயம்.

— கிண்டல் போதும். குடு இப்படி.

— இரு அக்கா. என்ன செய்யப்போறேன்னு சொல்லு முதல்ல. கண்டபடி மினுக்கி, உங்க ஸ்டுடியோவுக்கு வர்ற கல்யாணப் பொண்ணு மாதிரி ஆக்கிடுவே.

— அப்படியெல்லாம் செய்ய மாட்டேன். வயித்துக்கிட்ட இருட்டைக் கொஞ்சம் குறைக்கணும், அங்க ரோமமே தெரியலை. கண்ணுல இருக்கிற ஒரு பொட்டு வெளிச்சத்தைக் கூர்மையாக்கணும். வலது ஓரத்துல ஒரு காஞ்ச குச்சி நீட்டிக்கிட்டிருக்கு, அது தெரியாத அளவுக்கு ஓரத்தை வெட்டிடலாம்...

— குப்பைன்னு ஒரே தடவை பார்த்த படம். குச்சிகூடவா ஞாபகம் இருக்கு?

— நாள் முழுக்க அடுத்தவங்க மூஞ்சியில பரு அழிக்கிற வேலைடி எனக்கு. கண்ணு தானாப் போகும்.

— சரி, காது?

— காதுல கை வைக்கவே கூடாது. பின்னாலேர்ந்து வெயில் பட்டு, உள்ள நரம்பெல்லாம் செவசெவன்னு... அந்தச் சிவப்பைத் துளி ஏத்தினாலும் பொம்மைக் கடை முயல் ஆயிடும். முதல்ல ஏத்தினப்போ அப்படித்தான்...

— முதல்லயா? எப்பக்கா ஏத்தினே?

— பொதுவாச் சொன்னேன். என்னோட வேற ஒரு படத்துல.

— உன் படத்துலதான் முயலெல்லாம் முதுகைக் காட்டிட்டு ஓடுமே?

— ஆமாண்டி! முதுகுதான்! மூணு வருஷமா அந்தச் செங்கல் சூளைக்குப் பின்னால பனியில குப்புறப் படுத்துக் கிடக்கேன். முட்டி தேஞ்சுது, சளி பிடிச்சுது... ஒரு முயலாவது நின்னு என்னைத் திரும்பிப் பார்த்துச்சா? நீ ஒரே ஒரு நாள் என்கூட வந்தே. அதுவும் நான் வேண்டாம்னு குடுத்த கேமராவோட, பிஸ்கெட் கவரை சரசரன்னு கசக்கிக்கிட்டு. அது என்னடான்னா ரெண்டு கால்ல எழுந்து நின்னு உனக்கு போஸ் குடுக்குது!

— பிஸ்கெட் கேட்டுச்சோ என்னவோ.

— சிரிக்காதே. எனக்கு வயிறு எரியுது. வாயால சொல்லிட்டேன், போதுமா?

— போதாது. எனக்கு எரிஞ்சதை யாரு கேட்டா? உன் பழைய சட்டை, உன் பழைய புத்தகம், உன் பழைய கேமரா. பல் ஆஸ்பத்திரியில சீட்டு எழுதறவளுக்குப் படம் எடுக்கிற ஆசை எதுக்குன்னு அப்பாவே கேட்டாரு. வீட்டுக்கு யாரு வந்தாலும் "பெரியவ கையில கலை இருக்கு"ன்னு உன் ஆல்பத்தைத்தானே விரிப்பாரு?

— அதுல இருக்கிறதெல்லாம் முதுகுடி...

— இருந்தாலும் விரிச்சாரில்ல? இந்த வருஷம் காட்டுயிர் படப் போட்டிக்கு என்ன அனுப்பினே? அதுவும் முதுகுதானா?

— எதையோ அனுப்பினேன். அதை விடு.

— சரி, விட்டாச்சு. என் படத்தை வேற யாருக்காவது காட்டினியா?

— யாருக்குக் காட்டப்போறேன்?

— எங்கேயாவது...

— என்னடி, போலீஸ் மாதிரி நோண்டுறே?

— சும்மாதான் கேட்டேன். மனசுல ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுக்கா. நான் கத்த மாட்டேன்.

— ஒண்ணும் இல்ல. கார்டை வெச்சுட்டுப் போ, நிதானமாச் செஞ்சு குடுக்கறேன்.

— நிதானமாத்தானே? அப்ப அடுத்த வாரம் கொண்டுவரேன்.

— அடுத்த வாரமா! இல்லடி, இன்னிக்கே... நாளைலேர்ந்து எனக்கு வேலை ஜாஸ்தி, அதான்.

— ஒரு வாரத்துல முயலுக்கு வயசாயிடுமா என்ன?

— கெஞ்ச வைக்காதே. உன் அக்காதானே கேக்கறேன்? அந்தக் கார்டு இன்னிக்கு எனக்கு வேணும். ஏன் எதுக்குன்னு கேக்காதே. குடுத்திடு.

— இந்தா, வெச்சுக்க... "ஒரே முயல் ரெண்டு பேர்ல வந்திருக்கு, யார் எடுத்ததுன்னு இன்னிக்குள்ள ஒரிஜினலை அனுப்பிக் காட்டுங்க"ன்னு போட்டிக்காரங்க உனக்கு மட்டுமா எழுதினாங்க? நீ குப்பைன்னு சொன்ன அன்னிக்கே, உன்கிட்ட சொல்லாம நானும் அனுப்பிட்டேன்க்கா. ஒரிஜினலை நான் காலையிலேயே அவங்களுக்கு அனுப்பியாச்சு. நீ என்ன சொல்லிக் கேப்பேன்னு பார்க்கத்தான் வந்தேன்.