ரயிலில் போன கழிமுகச் சேறு

எண்ணூரில் கூலி வேலை கிடைக்காமல் ராயபுரத்துக்கே ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே இரண்டு பெண்கள். மீன்காரி தன் கூடையை நகர்த்தியதும் மற்றவள் மடியிலிருந்த பாட்டிலை அணைத்துக்கொண்டாள்.

"பாத்துக்கா, உள்ள உயிரு கீது."

"சேறு தானேடி கீது?"

"கழிமுகத்துச் சேறு. அதுல கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க கீதாம். ஒண்ணு இன்னொண்ணைக் கொல்ல ஒரு சாறு வுடுதாம். அந்தச் சாறு மருந்துக்கு ஆவுமான்னு காலேஜ் ஐயா ஒருத்தர் தேடிகினு கீறாரு. அவருக்குத்தான் எடுத்துகினு போறேன்."

"நல்ல எடமா பாத்து எடுத்தியா?"

"மொத தபா எங்கூட்டுக்காரு மருந்துக்காச்சேன்னு கடலுக்குள்ள ரொம்ப தூரம் போய், கண்ணாடியாட்டம் தண்ணி மொண்டுகினு வந்தாரு. ஐயா சிரிச்சிட்டாரு. கலீஜான எடத்துலதான் பூச்சிங்க சண்டை ஜாஸ்தியாம்."

மீன்காரியும் சிரித்தாள். "இன்னா சீக்குக்கு?"

"காசத்துக்கு."

"அப்ப ஆஸ்பத்திரில கீற உன் தங்கச்சிக்கு ஆவும்."

"கேட்டேன். கெடைச்சாலும் மருந்தா வர ரொம்ப வருஷமாவும், அவளுக்கு ஒதவாதும்மான்னு நெசத்தைச் சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்குடி தூக்கிகினு அலையறே?"

"அவளுக்கு ரெண்டு பொண்ணுங்க கீதுங்கக்கா."

திருவொற்றியூர் தாண்டியதும் வெயில் மடியிலிருந்த பாட்டில்மேல் விழுந்தது. மீன்காரி தன் மீன்மேல் போட்டிருந்த ஈரச் சாக்கை உருவி நீட்டினாள்.

"இத்த சுத்து. வெயில்ல உன் பூச்சிங்க செத்துடப் போவுது."