மெயின் சுவிட்சை இறக்கியது நான்தான்

இன்று மாலை நான்கு மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகி நான் சொல்வது: வயது எழுபத்து நான்கு. தொழில் லிஃப்ட் மெக்கானிக், ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடம். குடியிருப்பில் எல்லோருக்கும் நான் லிஃப்ட்காரர்தான். தபால்கூட அப்படித்தான் வந்து சேருகிறது. படிப்பு பத்தாம் வகுப்பு. அதை இரண்டு முறை படித்ததால் பதினொன்று என்றும் எழுதிக்கொள்ளலாம். நான்கு மாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியில், லிஃப்ட் கதவுக்கு நேர் எதிர் வீட்டில் தனியாக இருக்கிறேன். மனைவி இல்லை. ஒரே மகள் வேறு ஊரில் பள்ளி ஆசிரியை. தகவல் கேட்டு பஸ் பிடித்து வந்து, இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு ஹோம் நர்ஸ் வைக்க வேண்டும் என்று மகள் ஒரு வருடமாகச் சொல்லி வந்தாள். வேளை வரும்போது நானே சொல்கிறேன் என்று நானும் ஒரு வருடமாகச் சொல்லி வந்தேன். அதன் பிறகு அவள் அனுப்பிய முதல் நர்ஸிடம், முதியவர் குணமாகி ஊருக்குப் போய்விட்டார் என்று நானே கதவைத் திறந்து சொன்னேன். இரண்டாவதாக வந்தவரிடம் வீடு மாறி வந்துவிட்டதாகச் சொன்னேன். அதன் பிறகு நேற்று மகள் போன் செய்து, மறுநாள் பத்து மணிக்கு மூன்றாவது ஆள் வருவதாகவும், இவரையும் திருப்பி அனுப்பினால் வீட்டைப் பூட்டி என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடப் போவதாகவும் சொன்னாள். அவள் சொன்னால் செய்வாள். எனக்கு என் வீட்டை விட்டுப் போக மனமில்லை. ஆனாலும் பழைய புத்தி போகவில்லை.

இன்று காலை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பால்கனியிலிருந்து பார்த்தேன். தோளில் பையோடு ஒரு அம்மா கேட்டுக்குள் நுழைந்து வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் வாட்ச்மேன் ஒருவரை நோட்டில் பதிய ஐந்து நிமிடம் எடுப்பார். லிஃப்ட் ஓடவில்லை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு யாரும் நான்கு மாடி ஏற மாட்டார்கள், நான் ஆளைத் திருப்பி அனுப்பியதாகவும் ஆகாது என்று கணக்குப் போட்டு, அவசரத்துக்கென்று குடியிருப்போர் சங்கம் என்னிடம் கொடுத்து வைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடி மோட்டார் ரூமுக்கு ஏறினேன். பதினெட்டுப் படிதான். அரை நிமிடம் என்று நினைத்தேன். நான் போட்ட கணக்கு என் ஐம்பது வயது முழங்காலுக்கு. நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தேன்.

நான் உள்ளே போனபோது மோட்டார் நின்றிருந்தது. அம்மா இன்னும் கீழே நோட்டில்தான் இருக்கிறார் என்று நினைத்து மெயின் சுவிட்சைப் பிடித்து இழுத்தேன். கை பாதி வழி இறங்கும்போது மோட்டாருக்கு உயிர் வந்து சுற்றியது. கை நிற்கவில்லை. அம்மாவோடு ஏறிய கூரியர்காரரை மூன்றாவது மாடியில் இறக்கிவிட்டு லிஃப்ட் அப்போதுதான் புறப்பட்டதாம். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் பெட்டி நின்றது. உள்ளே அந்த அம்மா. அலாரம் அடித்தது.

சுவிட்சை மறுபடி மேலே தள்ளினேன். கண்ட்ரோல் போர்டில் ஃபியூஸ் போயிருந்தது. கயிறு இறங்கும் ஓட்டை வழியாகக் குனிந்து, பயப்படாதீர்கள், மேலே லிஃப்ட்காரன் இருக்கிறேன் என்று கத்தினேன். கீழேயிருந்து பதில் வந்தது.

“நான் பயப்படலைங்க. நாலாவது மாடில ஒரு பெரியவர் தனியா இருக்காராம். பத்து மணிக்கு வரேன்னு சொல்லியிருக்கு. வாசலையே பார்த்துட்டு இருப்பாரு. லேட்டாகும்னு அவருகிட்ட கொஞ்சம் சொல்லிடுங்க.”

சொல்கிறேன் என்று சொன்னேன்.

அதன் பிறகு அலாரம் கேட்டு, புகார் கொடுத்திருக்கும் சங்கச் செயலாளர் மூச்சு வாங்க ஓடி வந்தார். எதற்கெடுத்தாலும் அறிவிப்பு ஒட்டுவதால் அவரை நாங்கள் சர்க்குலர் என்போம். கையால் சுற்றி லிஃப்டை நகர்த்த இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பிரேக்கை விடுவிக்க, ஒருவர் சக்கரம் சுற்ற. மெயினை முழுவதும் இறக்கிவிட்டு, பிரேக் நெம்புகோலை அவர் கையில் கொடுத்தேன். நான் ‘விடு’ என்றால் விட வேண்டும், ‘பிடி’ என்றால் பிடிக்க வேண்டும் என்றேன்.

“எது விடு, எது பிடி? ஒரு தடவ எழுதிக் குடுங்களேன்,” என்றார்.

பெட்டியில் ஒரே ஆள் இருந்தால் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்ப்பக்க எடைதான் கூடுதல். பெட்டி மேலே போகத்தான் பார்க்கும். கீழே இறக்குவது என்றால் என் தோள்பட்டை கழன்றுவிடும். ஆகவே மேலே ஏற்றுவதைத் தவிர வழியில்லை. மேலே என்றால் நான்காவது மாடி, அதாவது என் வீட்டு வாசல். யாரை வரவிடக் கூடாது என்று சுவிட்சை இறக்கினேனோ அவரை அங்குலம் அங்குலமாக நானே என் வாசலுக்குச் சுற்றி ஏற்றினேன். உண்மையைச் சொல்வதானால், ஐயா, அந்த இருபது நிமிடம் எனக்கு வயது தெரியவில்லை. விடு, பிடி, விடு, பிடி என்று தொண்டை கிழியக் கத்தினேன். கயிற்றில் நான்காவது மாடிக்கான மஞ்சள் கோடு நேருக்கு நேர் வந்து நின்றபோது சர்க்குலரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அதையும் அவர் புகாரில் சேர்த்திருப்பதாக அறிகிறேன்.

அதன் பிறகு அவர் போய்க் கதவைத் திறந்து அந்த அம்மாவை வெளியே விட்டார். நான் இறங்கப் பார்த்தேன். முதல் படியிலேயே முழங்கால் பூட்டிக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன். சிறிது நேரத்தில் அந்த அம்மா மேலே வந்தார். கையைப் பிடிக்கவில்லை. எனக்கு ஒரு படி கீழே, என்னைப் பார்த்தபடி நின்றார்.

“வலிக்கிற காலை முதல்ல கீழ வைங்க. நல்ல கால் பின்னால வரட்டும்.”

இத்தனை நாளும் நான் மாற்றி வைத்து வந்திருக்கிறேன். பதினெட்டுப் படியும் அப்படியே இறங்கினோம். வாசலில் வைத்து, அந்தப் பெரியவர் நான்தான், சுவிட்சை இறக்கியதும் நான்தான் என்றேன். அவர் கோபப்படவில்லை. கடைசியாக எப்போது விழுந்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை குளியலறையில் விழுந்தேன். எழுந்திருக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் மகள் போன் செய்தாள். சட்டைப் பையில் இருந்ததால் எடுத்தேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். தரையில் படுத்தபடியே, பேப்பர் படிக்கிறேன் என்றேன். விளையாட்டுச் செய்தி என்னவென்று கேட்டாள், அதையும் சொன்னேன்.

இதை என் மகள் இப்போதுதான் கேட்கிறாள். ஆகவே எழுதுவது சிறிது நேரம் நிறுத்தப்பட்டு, அவளுக்குத் தண்ணீர் கொடுக்கப்பட்டு, மறுபடி தொடங்கப்பட்டது.

அந்த அம்மா தன் தரப்பில் புகார் இல்லை என்றும், காலை எட்டு மணிக்கே வர முடியும் என்றும் சொல்லியிருக்கிறார். மோட்டார் ரூம் சாவியை இங்கேயே ஒப்படைக்கிறேன். என் மகள் ஒரு வருடமாகக் கேட்ட கேள்விக்கு என் பதிலையும் இதிலேயே எழுதிக்கொள்ளக் கேட்கிறேன்: வேளை வந்துவிட்டது, நாளை எட்டு மணி முதல், என் வீட்டிலேயே.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது, பொய் எதுவும் கலக்கவில்லை. காவல் நிலையத்தில் யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வீட்டில் வற்புறுத்தியவர் பக்கத்திலேயே இருக்கிறார். அவருக்கு நான் இப்போது சம்மதித்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)