ஹாலுக்குள் ஒரு படகு

செல்போன் எல்லோர் கைக்கும் வரத் தொடங்கியிருந்த சமயம். திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவள் சொன்னதைக் கேட்டதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“எங்க வீட்டுக்காரரு ஹால்ல படகு ஓட்டுறாருக்கா.”

“என்னடி சொல்ற? நம்ம ஊர்ல ஆத்துலயே தண்ணியில்ல!”

“படகு மாதிரி மெஷினுக்கா. உக்காந்துக்கிட்டு, துடுப்புப் போடுற கணக்கா கைப்பிடிய இழுக்கணும். சீட்டு முன்ன பின்ன ஓடும், காலும் கூடவே மடங்கி நீளும். லாரி இடிச்சதுல அவருக்கு முட்டி மடங்காமப் போச்சுல்ல? டாக்டரு சொல்லித்தான் வாங்குனோம்.”

“வலிக்காதா?”

“மொதல்ல அழுதாரு. இப்ப நான் போதும்னாலும் எறங்க மாட்டேங்கிறாரு!”

அப்போது அவள் போன் அடித்தது. காதில் வைத்தவள் ஓடுகிற பஸ்ஸில் எழுந்தே நின்றுவிட்டாள்.

“என்னது, சம்மணம் போட்டு உக்காந்துட்டீகளா? ரெண்டு காலையும் மடக்கியா?”

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “உக்காரும்மா!” என்று கண்டக்டர் கத்தியது அவளுக்குக் கேட்கவேயில்லை.

“ஏங்க, எந்திரிச்சுராதீக. அப்படியே இருங்க, செத்த நேரத்துல வந்துருவேன். நான் பாக்கணும்!”