அஞ்சாம் பரிசுக் கொழுப்பு

மொதப் பரிசாம்! எனக்கு! நான் கேட்டேனா? எவன்கிட்டயாவது போய் எனக்கு மொதப் பரிசு வேணும்னு அழுதேனா? கதவ மூடுங்க தம்பி, மொதல்ல கதவ மூடுங்க... அந்தக் கண்ணாடியயும் ஏத்திவிட்டுருங்க. உங்க வண்டிதான் கிட்ட நின்னுச்சு, ஏறிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. நான் வெர்லீன். ஸ்கூல் பஸ் ஓட்டுறேன், இந்த லாரல் ஃபோர்க்குல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா நான் இங்க இருக்கேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

கேக்குதா? மைக்குல ஹோபர்ட்டு. "வெர்லீன் ஸ்டாம்பர், மொதப் பரிசு, மொத தடவ கூப்புடுறேன்"ங்கிறான். மூணு தடவ கூப்புடுவான். வரலன்னா பேர அடிச்சிருவான். கூப்புடட்டுமே, நல்லா தொண்ட கட்டட்டும்.

இது உங்க காப்பியா? ஒரு வாய் குடிச்சுக்கிறேன்... ம். சக்கர பத்தல.

என்ன பாக்குறீங்க? பரிசு வேணாம்னு ஒருத்தி ஓடி ஒளியுறாளேன்னா? வேடிக்க பாக்க வந்தவருக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது... இருங்க, இருங்க, நான் முடிச்சுடுறேன், அப்புறம் நீங்க பேசுங்க. இந்தத் துப்பாக்கிப் போட்டியில பரிசுன்னா மாடு, வெட்டிக் கூறு போட்டது. கோப்பையெல்லாம் கெடையாது. பின்னந்தொட ரெண்டும் மொத ரெண்டு பேருக்கு. முன்னந்தொட ரெண்டும் அடுத்த ரெண்டு பேருக்கு. அஞ்சாவது ஆளுக்குத் தோலும் கொழுப்பும். ஆறாவதா வந்தா, குறிப்பலகைக்குப் பின்னால இருக்கிற கட்டையில பதிஞ்ச ஈயத்த நோண்டி எடுத்துட்டுப் போகலாம். அவ்ளோதான்.

பதினோரு வருஷமா நான் அஞ்சாவது. பதினோரு வருஷம் தம்பி! ஊரே "பாவம் வெர்லீன், கைய மட்டும் கொஞ்சம் நிதானமா வச்சா..."ன்னு உச்சுக்கொட்டும். நானும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு கொழுப்பு வாளியத் தூக்கிட்டு வீட்டுக்குப் போவேன். போய்க் கதவச் சாத்திட்டு வயிறு வலிக்கச் சிரிப்பேன். அஞ்சாவது வர்றது லேசுன்னா நெனைக்கிறீங்க? மொதல்ல வர்றவனுக்கு என்ன, நடுவுல பாத்துச் சுட்டா ஆச்சு. அஞ்சாவது வர நாலு பேரோட கை எப்டின்னு தெரியணும். ஆறாவதா போயிடவும் கூடாது. மூணு குண்டு குடுப்பாங்க, எது நடுவுக்குக் கிட்ட இருக்கோ அதுதான் கணக்கு. நான் மூணையும் நடுக்கோட்டுக்கு ரெண்டு வெரல் வலப்பக்கம் வரிசையா வச்சிருவேன். பூ வச்ச மாதிரி இருக்கும்!

எதுக்கா? அந்தக் கொழுப்புக்குத்தான்! இது வேற மாதிரித் துப்பாக்கிங்க. குழலோட வாய் வழியா கருமருந்தக் கொட்டணும், கொழுப்புத் தடவின துணியில ஈயக் குண்ட வச்சு, கம்பியால இடிச்சு உள்ள தள்ளணும். ஒரு தடவ சுட்டா குழலுக்குள்ள கரி புடிச்சிடும், பீன்ஸ் சட்டி அடிப்புடிச்ச மாதிரி. அடுத்த தடவ இன்னும் கொஞ்சம். அப்புறம் குண்டு எறங்காது. எறங்கினாலும் எங்க போகும்னு அதுக்கே தெரியாது. அந்தக் கரிய எளக்கிவிடுறது துணியில தடவுற கொழுப்புதான். அது தெரியாம இவனுங்க... ஒருத்தன் சோள எண்ணெய்ங்கிறான். ஒருத்தன் கரடிக் கொழுப்புங்கிறான். கரடியக் கண்ணால பாத்திருப்பானா? தபால்ல வருது! இந்த ஹோபர்ட்டு இருக்கானே, உப்புப் போட்ட பன்னிக் கொழுப்பத் தடவினான். குழல் முழுக்கத் துரு. இப்ப அந்தத் துப்பாக்கி தக்காளிச் செடிக்கு முட்டுக் குடுத்துட்டு நிக்குது.

நம்மளது அப்டியில்ல. கிட்ட வாங்க... யார்கிட்டயும் சொன்னதில்ல. குண்டிக்காய், அதான் கிட்னி, அதச் சுத்தி இருக்கிற கொழுப்பு, அதுவும் இந்த மலைப் புல்லு தின்ன மாட்டுது, மூணு பங்கு. கடையில விக்கிறது சோப்பு மாதிரி, அது ஆகாது. தேன்மெழுகு ஒரு பங்கு. வெளக்கெண்ண அர பங்கு. கொதிக்க விடக்கூடாது, அங்கதான் எல்லாரும் கோட்ட விடுறாங்க. முப்பது தடவ சுட்டாலும் குழல் தொடைக்க வேண்டியதில்ல தம்பி. முப்பது!

வெளக்கெண்ணன்னதும் ஞாபகம் வருது, டெல்பர்ட்டு கௌடில். அஞ்சாவது வந்திருக்கான் பாருங்க, அவன்தான். வருஷா வருஷம் மொதல்ல வர்றவன், போன மாசம் கூட்டத்துல எந்திரிச்சு "இந்த வருஷம் எனக்கு அஞ்சாவதே போதும்"ங்கிறான்! என்னையப் பாத்துக் கண்ணடிச்சுக்கிட்டே சொல்றான். என் பழைய பலகையெல்லாம் பொறுக்கி வச்சு அளந்திருக்கான் படுபாவி. பதினோரு வருஷமும் அதே ரெண்டு வெரல் வலப்பக்கம்னு கண்டுபுடிச்சிட்டான். எனக்கு எப்டி இருந்திருக்கும்? பஸ்ஸக் கொண்டுபோய் ஓரமா நிறுத்திட்டு அழுதேன். ஆமா, அழுதேன். எனக்குன்னு உருப்படியா இருக்கிறது அந்த ஒரு டப்பா கொழுப்பு. அதையும் புடுங்கப் பாக்குறான்.

"ரெண்டாந் தடவ"ங்கிறான்... தலையக் குனிங்க, இந்தப் பக்கம் பாக்குறான்! நீங்க எதுக்குக் குனியுறீங்க, நான்தான் குனியணும்.

இன்னிக்கிக் காலையில என்ன ஆச்சுன்னா... மொதக் குண்டு, ரெண்டு வெரல் வலது. அருமை. ரெண்டாவது, அதே எடம், ஆனா கம்பி லேசா இழுத்துச்சு. மூணாவது பாதி வழியில உக்காந்துகிச்சு! ஏறவும் மாட்டேங்குது, எறங்கவும் மாட்டேங்குது. கம்பிய மரத்துல முட்டுக் குடுத்து, தம் புடிச்சு, ஒருவழியா அடி வரைக்கும் தள்ளிட்டேன். சுட்டேன். ரெண்டு வெரல் வலப்பக்கம் பாத்துத்தான் சுட்டேன், சத்தியமா! குண்டு போய் நட்ட நடுவுல, கோடும் கோடும் சேர்ற எடத்துல... எல்லாரும் கைதட்டுறாங்க. கட்டிப்புடிக்கிறாங்க. நான் குழலுக்குள்ள துணி விட்டு எடுத்துப் பாக்குறேன், தார்! ரோடு போடுற தார் மாதிரி வருது! கருமருந்துக்கும் மண்ணெண்ணெய் சாதிக்கும் ஆகவே ஆகாது தம்பி. வண்டிக்குப் போடுற கிரீஸ், என்ஜின் ஆயிலு, எது பட்டாலும் கரி தாராப் போயிடும். யாரோ என் டப்பாவுல பஸ் கிரீஸ வச்சிருக்காங்க. எவ்ளோ கொடூரமான மனசு இருந்தா...

என்ன, அப்டிப் பாக்குறீங்க? பஸ் கிரீஸு யார்கிட்ட இருக்கும்னா?

சரி. நான்தான்.

கத்தாதீங்க. நீங்க கத்தல, தெரியும், பொதுவாச் சொன்னேன். டெல்பர்ட்டு மூணு குண்டும் காட்டுக்குள்ள போகணும்னு ஒரு டப்பாவுல கிரீஸ அப்பி, மேல கொஞ்சம் மெழுகு தடவி, "எம் மனசுல ஒண்ணும் இல்ல டெல்பர்ட்டு, நானே காய்ச்சினது, வச்சுக்க"ன்னு குடுத்தேன். ரெண்டு டப்பா, ரெண்டு பாக்கெட்டு, மாத்திக் குடுத்துத் தொலச்சிட்டேன். எனக்கு ஒரு வாரமா ஜலதோஷம், வாசனையும் தெரியல... அவன் என் கொழுப்பத் தடவிக்கிட்டு, எனக்கப்புறம் வந்து, ரெண்டு வெரல் வலப்பக்கம் மூணு குண்டு வச்சான். பூ வச்ச மாதிரி.

போய் வாங்கிட்டு வந்துர வேண்டியதுதானேன்னு நெனைப்பீங்க. அங்க ஒரு மரக்கட்ட தெரியுதா? பரிசு வாங்குறவங்க அது மேல ஏறி, மருந்து எவ்ளோ, குண்டு எவ்ளோ, என்ன தடவினேன்னு எல்லார் முன்னாடியும் உண்மையச் சொல்லணும். பொய்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் துப்பாக்கியத் தொட விட மாட்டாங்க. நான் ஏறி "பஸ் கிரீஸு"ன்னா? எப்டி வந்துச்சும்பாங்க. டெல்பர்ட்டு அவன் டப்பாவ எடுத்து மோந்து பாத்து, கிரீஸு யாருக்காக வச்சதுன்னு கண்டுபுடிச்சிருவான். அவனுக்கு ஜலதோஷம் இல்ல.

"மூணாந் தடவ"... அவ்ளோதான், அடிச்சுட்டான் என் பேர! அப்பாடா. போகட்டும் அந்தத் தொட, என் ஃப்ரிட்ஜுல ஒரு கோழிக்கே எடமில்ல. இப்ப எல்லாரும் ஒரு படி மேல. டெல்பர்ட்டு நாலாவதாயிட்டான்! ஹா! முன்னந்தொடயக் கடிச்சுக்கிட்டுக் கெட! கொழுப்பு உனக்கும் கெடையாது!

அப்போ கொழுப்பு... ஆறாவது ஆளுக்குப் போகும். அது யாரோ புதுசா வந்தவனாம், ஒஹாயோ பக்கமாம். விடுங்க, அவனுக்கு அதோட அருமை எங்க தெரியப் போகுது? நாத்தம்புடிச்ச வாளி, யாராவது தூக்கிட்டுப் போனாச் சரின்னு குடுத்துருவான். நான் நைசாப் பேசி வாங்கிடுறேன். என்ன பேரு சொன்னான் இப்ப, லாய்ட் பெண்டரா?

ஏன் எறங்குறீங்க?

தம்பி... கைய ஏன் தூக்குறீங்க? அவன் லாய்ட் பெண்டரத்தான கூப்... ஐயையோ. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல! ஆமா, ரெண்டு மூணு தடவ வாயத் தொறந்தீங்க, தெரியும், நான்தான்... நில்லுங்க! அதுல ஒண்ணுமில்ல தம்பி, வெறும் கொழுப்பு, நாறும், ஈ மொய்க்கும்! நான் சொன்னதெல்லாம் சும்மா! கேக்குதா? மெழுகு ஒரு பங்கு இல்ல, ஆறு பங்கு! நல்லாக் கொதிக்க விடணும்! கொதிக்கக் கொதிக்கத்தான் நல்லது...

சிரிக்கிறாரு. கட்டையில ஏறிட்டாரு. கொழுப்பப் பாரு, வாளியத் தொறந்து மோந்து பாத்துட்டு, நேரா குண்டிக்காய்ப் பக்கம் எங்கன்னு கேக்குறாரு!