விலை சொல்லாத மஞ்சள் கவுன்

நளினி: அத்த மட்டும் எடுத்து உள்ள வைங்க.

ரவிகுமார்: எத்த?

நளினி: அந்த மஞ்ச கவுன... மேல தொங்க உட்டுட்டீங்களே.

ரவிகுமார்: தொங்க உட்டாத்தானே நாலு பேரு பாப்பாங்க. கடையப் போட்டுட்டு துணிய ஒளிச்சு வெச்சா இன்னா வியாபாரம் இது?

நளினி: தூசி படியுது. காத்து மைன்ஸ் மண்ணு கொட்டி வெச்ச சயனைடு மேட்டுப் பக்கத்துல இருந்து அடிக்குது பாருங்க.

ரவிகுமார்: மத்த துணி மேலயும்தான் படியுது. நைட்டி, பாவாடை மேலெல்லாம் படிஞ்சா பரவால்லையா?

நளினி: பேச்ச வளக்காதீங்க... யாரோ வர்றாங்க. வாங்கக்கா. எல்லாம் வீட்லயே தெச்சது. எங்க லைன் வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் சேந்து தெச்சோம்.

ராதிகா: போர்டு பாத்துட்டுதான் வந்தேன். குழந்தைங்க இல்லத்துக்குன்னு எழுதியிருக்கே... எந்த இல்லம்?

ரவிகுமார்: பேத்தமங்களா ரோட்ல சிஸ்டருங்க நடத்துறாங்களே, அதாங்க மேடம். அப்பா அம்மா இல்லாத பசங்க. கூரை பூரா ஒழுகுது. மழைக்கு முன்ன ஷீட்டு மாத்தணும்.

ராதிகா: நல்ல காரியம். நாங்க ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல இருக்கோம். என் தங்கச்சி பொண்ணுக்கு மூணு வயசு ஆகப்போகுது... அந்த மஞ்சள் கவுன் எவ்வளவு?

நளினி: அது... அது வேணாங்கா. தையல் சரியா வரல.

ராதிகா: பாத்தா நல்லாத்தானே இருக்கு. கழுத்துல கையாலயே பூ போட்டிருக்கீங்க.

நளினி: கை ஒரு பக்கம் இழுக்குது. இந்த ரோஸ் பாருங்களேன்...

ராதிகா: எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. ரெண்டு மடங்கு விலை வேணாலும் தரேன். இல்லத்துக்குத்தானே போகுது?

ரவிகுமார்: குடுத்துடு நளினி.

நளினி: வித்துடுச்சுக்கா. முன்னாடியே ஒருத்தங்க சொல்லி வெச்சுட்டாங்க.

ராதிகா: தையல் சரியில்லன்னீங்க...? சரி, விடுங்க. அந்த ரோஸையே குடுங்க. நைட்டி ரெண்டு சேத்துப் போடுங்க. வரேங்க.

ரவிகுமார்: கடைக்கு வந்த மகராசிக்கு ஒரே மூச்சுல ரெண்டு பொய்யி. யாரு சொல்லி வெச்சது?

நளினி: நான்தான்.

ரவிகுமார்: யாருக்கு?

நளினி: தெரியாத மாதிரி கேக்குறீங்க.

ரவிகுமார்: ...தேவிகாவுக்கா?

நளினி: போன ஞாயித்துக்கிழமை இல்லத்துல பெரிய பசங்களோட நீங்க கேரம் ஆடிக்கினு இருந்தீங்களே, அப்பதான் அளவெடுத்தேன். டேப்பு வைக்க உடல. நெளியுது, சிரிக்குது... கிச்சுக்கிச்சு மூட்டாத நளினிம்மான்னுது.

ரவிகுமார்: நளினிம்மான்னுதா?

நளினி: மத்த புள்ளைங்க எல்லாம் ஆன்ட்டின்னுதான் கூப்புடுதுங்க.

ரவிகுமார்: டீ சொல்லட்டா?

நளினி: கல்யாணமாயி இத்தினி வருசத்துல, ஒரு புள்ள தூங்கினா எப்டி கனக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. அன்னிக்கு அது மடியிலயே தூங்கிடுச்சு. கால் மரத்துப் போச்சு, நவுராம உக்காந்திருந்தேன். வீட்டுக்கு வந்தும் அந்த கனம் போவல. இப்பக்கூட கீது... இன்னா, மூஞ்சியத் தொடைக்கிறீங்க?

ரவிகுமார்: ஒண்ணுமில்ல. வெயிலு.

நளினி: வெயிலு எங்க கீது? மோடம் போட்டுக்கினு கீது. நீங்க இந்த வாரம் பூரா சரியில்ல. ரயில உட்டு எறங்கி வந்தா நேரா சொவுத்தப் பாத்துப் படுத்துக்கிறீங்க.

ரவிகுமார்: தெனம் பெங்களூர் போயிட்டு வர்றவன் வேற இன்னா பண்ணுவான்? வந்து டான்ஸ் ஆடுவானா?

நளினி: சிஸ்டர்கிட்ட மறுபடி பேசுறேன்னீங்களே. பேசினீங்களா?

ரவிகுமார்: பேசினேன்... இல்ல, பேசணும். அவங்க ஊர்ல இல்ல. ஆபீஸ் வேலையா கோலாருக்குப் போயிருக்காங்க.

நளினி: நாம இன்னாங்க தப்பு பண்ணோம்? ஞாயிறு தவறாம போனோம். வந்த புள்ளைக்கெல்லாம் துணி தெச்சுக் குடுத்தோம். அது நம்மகிட்ட ஒட்டிக்கிச்சுன்னா நமக்கே குடுத்துடுவாங்கன்னு இருந்துட்டோம்.

ரவிகுமார்: நீ இல்ல, நான் பண்ண தப்பு. எங்கப்பா மைன்ஸ்ல வேல வாங்கினதே அப்டித்தான். தெனம் மெயின் கேட்டாண்ட போயி நின்னாராம். பாத்த மூஞ்சியா கீதேன்னு ஒரு நாள் உள்ள கூப்டுக்கினாங்களாம். புள்ளைக்கும் அதே மாதிரிதான்னு நெனச்சுட்டேன். மூஞ்சியக் காட்டிக்கினே இருந்தா போதும்னு. தத்தெடுக்கணும்னா கம்ப்யூட்டர்ல பேரு பதியணும், நம்ம முறை வரணும், அது எந்தப் புள்ளையக் காட்டுதோ அந்தப் புள்ளதான்னு எனக்கு எங்க தெரியும்?

நளினி: அதான் பதிஞ்சுட்டோமில்ல.

ரவிகுமார்: பதிஞ்சது போன தீவாளிக்கு. நமக்கு முன்னால ஊரே நிக்குது.

நளினி: அப்ப முன்னால நிக்கிறவங்களுக்கு தேவிகாவக் காட்டிச்சுன்னா...?

ரவிகுமார்: கடையக் கட்டிடலாமா நளினி? வித்த வரைக்கும் போதும்.

நளினி: இன்னும் பாதி துணி கீதே.

ரவிகுமார்: உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இங்க வெச்சு சொல்லக் கூடாதுன்னு பாத்தேன், முடியல.

நளினி: சொல்லுங்க.

ரவிகுமார்: ஹூப்ளில ஒரு குடும்பம். அவங்க முறை வந்துடுச்சு. தேவிகாவப் பாத்துட்டுப் போயிட்டாங்க... புடிச்சுப் போச்சு. வர்ற வியாழக்கிழமை கூட்டினு போறாங்க. சிஸ்டர் எனக்கு போன் பண்ணி சொன்னாங்க. வீட்டுக்கு வந்தா நீ அந்தக் கவுன்ல பூ போட்டுக்கினு இருக்கே. எப்டி சொல்லுவேன் நளினி? ராத்திரி பூரா மிஷின் சத்தம் கேக்குறப்ப தூங்கற மாதிரி சொவுத்தப் பாத்துப் படுத்துக்கினேன்.

நளினி: உங்களுக்கு போன் பண்ணச் சொன்னதே நான்தாங்க, என் வாயால சொல்ல வரல. அன்னிக்கு சிஸ்டர் என்னிய சமையல்கட்டுக்குக் கூட்டினு போயி சொன்னப்புறம்தான் அதுக்கு அளவெடுத்தேன்... அடி ஓரத்துல நாலு விரல் துணி உள்ள மடிச்சு வெச்சிருக்கேன், ஹூப்ளில அந்த அம்மா வளர வளர பிரிச்சு உட்டுக்கினாங்கன்னா, பள்ளிக்கூடம் போற வரைக்கும் என் தையலு அது மேல இருக்கும்.